ஓர் இலக்கம் கூடினால்

வணக்கம் ஐயா,

கொடுத்த எண்களில் சிலவற்றைக் கூட்டி ஓர் இலக்குத் தொகையை எட்ட முடியுமா என்பது என்பி-முழுமைக் கணக்கு என்கிறார்கள். அதாவது, விடையைச் சரிபார்ப்பது எளிது, ஆனால் விரைவாகக் கண்டுபிடிக்கும் வழி யாருக்கும் தெரியாத வகை. நான் அட்டவணை போட்டே தீர்த்துவிட்டேன். எண்ணிக்கையை இலக்கால் பெருக்கினால் அத்தனை கட்டங்கள்தான். ஆயிரத்துக்குள் 100 எண்கள் கொடுத்தேன், கண்ணிமைப்பதற்குள் விடை வந்தது. பி = என்பி, அதாவது விரைவாகச் சரிபார்க்க முடிவதையெல்லாம் விரைவாகத் தீர்க்கவும் முடியும் என்று ஆகிவிட்டதா? அதை நிரூபிப்பவருக்கான பரிசுக்கு எந்த ஆய்விதழில் எழுத வேண்டும்?

கே.

அன்புள்ள கே.,

யாரும் சொல்லித்தராமல் அந்த அட்டவணைக்கு வந்து சேர்ந்திருக்கிறீர்கள். சந்தோஷம். பரிசுப் பேச்சை விடுங்கள். இலக்கால் பெருக்கினீர்களே, அந்த இலக்கை எழுத எத்தனை இலக்கம் பிடிக்கும் என்று ஏன் பார்க்கவில்லை?

வேகத்தை அளப்பது உள்ளீட்டின் நீளத்தால், எண்ணின் மதிப்பால் அல்ல. இலக்கில் ஓர் இலக்கம் கூடினால் தாளில் ஓர் எழுத்துதான் கூடுகிறது. உங்கள் அட்டவணையோ பத்து மடங்காகிறது. 30 இலக்க எண்கள் 50 எடுங்கள். மொத்தம் 1500 இலக்கம், ஒரு பக்கத்தில் அடங்கும். நொடிக்கு 100 கோடி கட்டம் நிரப்பினாலும் அட்டவணையின் ஒரே ஒரு வரிசைக்கு ஏறத்தாழ 30 லட்சம் கோடி ஆண்டு ஆகும். எல்லாச் சேர்க்கைகளையும் குருட்டுத்தனமாகச் சோதித்தால்கூட அதே வேகத்தில் இரண்டு வாரத்துக்குள் முடியும். 1974இல் கணினி அறிஞர்கள் ஹோரோவிட்ஸும் சாஹ்னியும் சொன்னபடி எண்களை 25, 25 ஆகப் பிரியுங்கள். பாதிக்கு மூன்றரைக் கோடிக்குச் சற்றுக் குறைவான கூட்டுத்தொகைகள் வரும். இரண்டு பட்டியலையும் வரிசைப்படுத்தி, ஒன்றை மேலிருந்தும் மற்றதைக் கீழிருந்தும் நகர்த்தினால் சில நொடிகளில் விடை.

ஓர் எண் பகா எண்ணா என்று சோதிப்பதிலும் இதே வழுக்கல். வர்க்கமூலம்வரை வகுத்துப் பார்ப்பது 100 இலக்க எண்ணுக்கு 10-இன் 50ஆம் அடுக்கு வேலை. இலக்கங்களின் எண்ணிக்கையை வைத்துப் பல்லுறுப்புக்கோவை நேரத்தில் (அந்த எண்ணிக்கையின் ஒரு நிலையான அடுக்குக்குள் அடங்கும் நேரத்தில்), தற்செயல் எண்களின் துணையில்லாமல் உறுதியாகச் சொல்லும் முறை 2002இல்தான் வந்தது. கான்பூர் ஐஐடியில் அகர்வால், கயால், சக்சேனா கொடுத்தது.

ஆயிரத்துக்குள் எண்களைக் கொடுத்து ஜெயித்ததாக நினைக்காதீர்கள், தம்பி. கடினம் நீண்ட எண்களில்தான் ஒளிந்திருக்கிறது. 3-சாட் சூத்திரம் ஒன்றை இந்தக் கணக்காக மாற்றிப் பாருங்கள். உண்மை அல்லது பொய் ஆகும் மாறிகள், மும்மூன்று தெரிவுகள் கொண்ட கூற்றுகள், ஒவ்வொரு கூற்றிலும் ஒரு தெரிவாவது உண்மையாக வேண்டும், அதுதான் 3-சாட்; அதுவும் என்பி-முழுமைதான். ஒவ்வொரு மாறிக்கும் ஒரு இலக்க இடம், ஒவ்வொரு கூற்றுக்கும் ஒரு இடம். மாறிக்கு இரண்டு எண், உண்மைக்கு ஒன்று, பொய்க்கு ஒன்று; தன் மாறியின் இடத்திலும் தான் நிறைவேற்றும் கூற்றுகளின் இடங்களிலும் அதில் 1 இருக்கும். கூற்றுக்கு 1, 2 என்று இரண்டு நிரப்பு எண். இலக்கில் மாறி இடங்களில் 1, கூற்று இடங்களில் 4. எந்த இடத்திலும் கூட்டுத்தொகை 6-ஐத் தாண்டாது, அதனால் மிச்சம் அடுத்த இடத்துக்கு ஏறாது. 20 மாறி, 80 கூற்று என்றால் 100 இலக்கம் வரை நீளும் எண்கள் 200 வரும். அதை உங்கள் நிரலுக்குக் கொடுத்துவிட்டு, என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.