வறட்சியும் மரங்களும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போன கோடையில் கிணறு வற்றிவிட்டது. இந்த வருஷம் மழைக்குக் குறைவில்லை. ஆனாலும் தென்னையில் காய் இல்லையே?

நிறையப் பேர் கேட்கிறீர்கள். தென்னம்பாளையின் கரு குருத்துக்குள் உருவாகி, முற்றின தேங்காயாகக் கைக்கு வர ஏறத்தாழ 44 மாதம் ஆகும். பாளை வெடித்த பிறகு நாம் கண்ணால் பார்ப்பது கடைசி 12 மாதத்தை மட்டும்தான். உள்ளே இருக்கும்போது வறட்சி பட்ட பாளையில் பெண்பூ குறையும். சில பாளைகள் உள்ளேயே கருகிவிடும். 2016-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்ததே, அதுபோன்ற வருஷத்தின் அடி அடுத்த இரண்டு மூன்று வருஷக் காய்ப்பிலும் தெரியும். அதனால் தயவுசெய்து மரத்தை வெட்ட அவசரப்படாதீர்கள். குருத்து பச்சையாக நிமிர்ந்து நின்றால் மரம் மீண்டுவிடும். ஆறடி ஆரத்துக்கு வட்டப்பாத்தி எடுத்து, உரிமட்டையைக் குழிப்பக்கம் மேலே பார்க்கப் புதைத்து, சருகு மூடாக்குப் போடுங்கள்.

மதியம் இலை வாடுகிறது, சாயங்காலம் நிமிர்கிறது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். விடியற்காலையில் போய்ப் பாருங்கள். அப்போதும் தொங்கினால்தான் மண்ணில் ஈரம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். வேர் காயும்போது அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடி இலைத்துளைகளை மூடவைக்கும். நீர் மிச்சமாகும், ஆனால் கரியமில வாயுவும் உள்ளே வராது, வளர்ச்சி நின்றுபோகும். வறட்சி இன்னும் முற்றினால் தண்டின் நீர்க்குழாய்களில் நீர் அறுபட்டு, காற்றுக்குமிழி அடைத்துக்கொள்ளும். மா, வேம்பு போன்றவை அடுத்த மழையில் தண்டில் புது மரக்கட்டை வளர்த்துப் பருத்து, புதுக் குழாய்களால் ஈடுகட்டும். தென்னந்தண்டு அப்படிப் பருக்காது. இருக்கிற குழாய்களே ஆயுசு முழுக்க. அதனால்தான் தென்னையை உச்சக்கட்ட வறட்சிக்கு விடவே கூடாது என்கிறேன்.

பங்குனி வெயிலில் புங்கன் மட்டும் எப்படித் தளிர்க்கிறது?

அழகான கேள்வி! பழைய இலைகளைக் கொட்டியதும் நீர் வெளியேறும் வழி அடைபடுகிறது. ஆழத்து வேர்கள் உறிஞ்சும் ஈரம் தண்டில் சேர்கிறது. அந்தச் சேமிப்பில்தான் மொட்டு அவிழ்கிறது. மழைக்கு முன்பே இலை தயாராகிவிடுவதால், முதல் மழையையே முழுதாகப் பயன்படுத்திக்கொள்ளும். மொட்டையாக நிற்கிறதே என்று கிளையை வெட்டிவிடாதீர்கள்.

மாமரத்துக்குக் கார்த்திகை, மார்கழியில் தண்ணீர் விடலாமா?

காய்க்கிற மரத்துக்கு வேண்டாம். அப்போது மண் லேசாகக் காய்ந்திருந்தால்தான் தளிர் அடங்கிப் பூ எடுக்கும். பிஞ்சு பட்டாணி அளவு வந்ததும் பாய்ச்சலைத் தொடங்குங்கள். இளங்கன்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, காயவிடாமல் ஊற்றுங்கள்.