கடையைப் பற்றி கூகுளில் ஒருவர் மோசமாக எழுதிவிட்டார். அதை நீக்க முடியுமா, என்ன பதில் போடுவது?

பெரும்பாலும் நீக்க முடியாது. கடைக்காரரே அழிக்கிற வசதியை கூகுள் தரவில்லை. புகார் கொடுக்கலாம், பதில் எழுதலாம், அவ்வளவுதான். பதில் எழுதுவதில் நான் ஒருமுறை நன்றாகச் சொதப்பியிருக்கிறேன், அதையே சொல்கிறேன்.

ஈரோட்டில் அம்மா பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறார். இரண்டு தையல் மெஷின், ஒரு ஓவர்லாக், ஆரி வேலைக்கு ஒரு அக்கா. கூகுள் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அப்போது மொத்தம் பத்து விமர்சனங்கள், பத்தும் ஐந்து நட்சத்திரம். (அதில் மூன்று என் சித்திகள் போட்டது. அது தப்பு என்று அப்போது தெரியாது.) ஆவணி முகூர்த்த நெரிசலில் ஒருவர் ஒரு நட்சத்திரம் போட்டு, "கல்யாணத்துக்கு முந்தின நாள் வரைக்கும் அலையவிட்டார்கள், கழுத்து இறக்கமும் சரியில்லை" என்று எழுதிவிட்டார். ஐந்தில் இருந்த சராசரி 4.6 ஆனது. ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன்: அது சரியாக 4.9 ஆக வேண்டுமென்றால் இன்னும் 29 பேர் ஐந்து நட்சத்திரம் போட வேண்டும். விமர்சனங்கள் குறைவாக இருக்கிற கடைக்கு ஒரே ஒரு நட்சத்திரம் இந்த அளவுக்கு வலிக்கும்.

அம்மா, "நல்லாப் பேசீட்டுப் போன புள்ள, இப்படி எழுதி வெச்சிருக்குதே" என்று சாப்பிடாமல் படுத்துவிட்டார். எனக்குக் கோபம். உடனே பதில் போட்டேன்: "நீங்கள் துணி கொடுத்ததே கல்யாணத்துக்கு ஐந்து நாளுக்கு முன்புதான். அளவு பிளவுஸும் தரவில்லை. 350 ரூபாய் பாக்கியை இன்னும் கொடுக்கவில்லை." எல்லாமே உண்மை. இரண்டு நாள் கழித்து, பத்து வருடமாக வருகிற ஒரு வாடிக்கையாளர் அம்மாவிடம் கேட்டார்: "ஏனுங்க்கா, நான் பாக்கி வெச்சாலும் இப்படித்தான் ஊருக்கே சொல்லுவீங்களா?"

அப்போதுதான் உறைத்தது. திட்டியவர் என் பதிலைப் படித்தாரோ இல்லையோ, கடைக்கு வரலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்கள் எல்லாரும் படிக்கிறார்கள். அவர்கள் தங்களை அந்தப் பெண்ணின் இடத்தில்தான் வைத்துப் பார்ப்பார்கள், என் அம்மாவின் இடத்தில் இல்லை.

நல்லவேளை, போட்ட பதிலைத் திருத்த முடியும். மாற்றி எழுதியது ஏறக்குறைய இதுதான்: "சொன்ன தேதியில் தரவில்லை, அது எங்கள் தவறு. முகூர்த்த நேரத்தில் அளவுக்கு மீறி வேலை எடுத்துவிட்டோம். பிளவுஸைக் கொண்டுவாருங்கள், கழுத்தைக் காசு வாங்காமல் சரிசெய்து தருகிறோம்." பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் வந்தார், சரிசெய்து வாங்கிக்கொண்டார், பாக்கியையும் கொடுத்தார். நட்சத்திரத்தை மட்டும் மாற்றவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இன்னொன்று, அவர் எழுதியதில் பாதி நியாயம் இருந்தது. அம்மாவுக்கு "முடியாது" என்று சொல்ல வராது. யார் வந்தாலும் "நாளைக்கு வாங்க கண்ணு". இப்போது பில் நோட்டில் போட்டுப் பார்க்கிற தேதி, வாங்கிப் போகிற தேதி இரண்டையும் எழுதிக் கொடுக்கிறோம். அளவு பிளவுஸ் இல்லாமல் துணி வாங்குவதில்லை. கூகுளில் நான் செய்த எதையும்விட இதற்குப் பிறகுதான் புகார் குறைந்தது.

புகார் எப்போது எடுபடும்? கெட்ட வார்த்தை, கடைக்கே வராதவர் எழுதியது, போட்டிக் கடைக்காரர் வேலை, சம்பந்தமில்லாத விஷயம், இதற்கெல்லாம் கொடுக்கலாம். எங்கள் தையல் கடைக்கு ஒருவர் "பிரியாணி ஆறிப்போயிருந்தது" என்று ஒரு நட்சத்திரம் போட்டிருந்தார்! விமர்சனத்துக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டுப் புகார் கொடுத்தேன், சில நாளில் போய்விட்டது. கூகுள் மறுத்துவிட்டால் ஒருமுறை மேல்முறையீடு செய்யலாம். "தையல் பிடிக்கவில்லை" என்பது மட்டும் எத்தனை முறை புகார் கொடுத்தாலும் போகாது, அது அவருடைய கருத்து.

நட்சத்திரத்தைக் காசுக்கு வாங்காதீர்கள். "ஐந்து போட்டால் லைனிங் இலவசம்" என்பதும் கூகுள் விதிப்படி தப்பு. திருப்தியானவர்களாகப் பொறுக்கி எடுத்துக் கேட்பதும் தப்புதான். நாங்கள் விசேஷம் முடிந்து இரண்டு நாள் கழித்து, தைத்து வாங்கிய எல்லாருக்கும் வாட்ஸாப்பில் லிங்க் அனுப்புகிறோம். துணியைக் கொடுக்கும்போதே கேட்டால் வீட்டுக்குப் போய் மறந்துவிடுவார்கள். போட்டுப் பார்த்து நாலு பேர் நல்லா இருக்கிறது என்று சொன்ன பிறகு கேட்டால் படத்தோடு எழுதுகிறார்கள். சித்திகளிடம் சொல்லி அவர்கள் போட்டதையும் அழிக்க வைத்துவிட்டேன்.

அப்புறம் மோசடிகள். "உங்கள் கூகுள் பக்கம் காலாவதி ஆகப்போகிறது, பணம் கட்டுங்கள்" என்று போன் வரும். அந்தப் பக்கம் இலவசம், வைத்துவிடுங்கள். ஒரே நாளில் பத்துப் பேர் ஒரு நட்சத்திரம் போட்டு, பிறகு "பணம் கொடுத்தால் எடுக்கிறோம்" என்று மெசேஜ் வந்தால் பைசா கொடுக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுளுக்கும், பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்றப் புகார் எண்ணுக்கும் சொல்லுங்கள். பக்கத்தை உங்கள் பெயரில் சரிபார்த்து வைத்திருப்பதும் முக்கியம். யார் வேண்டுமானாலும் கடையின் போன் நம்பரையோ நேரத்தையோ மாற்றச் சொல்லி கூகுளுக்குப் பரிந்துரைக்கலாம், ஆகவே மாதம் ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள்.

அந்த ஒரு நட்சத்திரம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. போன தை மாதம் ஒரு கல்யாணப் பெண் வந்தார். துணியை மேசையில் வைத்ததும் கேட்ட முதல் கேள்வி: "கூகுள்ல படிச்சேங்க. எனக்கும் தேதி எழுதித்தான குடுப்பீங்க?" அம்மா சிரித்துக்கொண்டே பில் நோட்டை எடுத்தார்.