பத்தாயத்தை மொத்த விலைக்குக் கொடுத்துவிடலாமா?

கேள்வி: கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில், மாமனார் கட்டிய வீட்டில் இருக்கிறேன். வயது 63. கணவர் தவறி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. குடும்ப ஓய்வூதியம் மாதம் 21,000 ரூபாய். ரேழி, கூடம், முற்றம் என்று நீளும் இந்த வீட்டை ஒற்றை ஆளாகப் பெருக்கித் துடைக்க முடியவில்லை. தை பிறந்ததும் டவுனில் இரண்டு அறை வாடகை வீட்டுக்குப் போகிறேன். நெல் கொட்டி வைக்கும் பெரிய மரப் பத்தாயம், ஊஞ்சல், இரண்டு தேக்கு பீரோ, பெஞ்சுகள், பரண் நிறையப் பாத்திரங்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பழைய சாமான் வியாபாரி 85,000 ரூபாய்க்குக் கேட்கிறார். சென்னையில் இருக்கும் மகன், “கொடுத்துடும்மா, உன் பென்ஷன்மேல 3 லட்சம் கடன் வாங்கிப் புதுசா எல்லாம் போட்டுக்கலாம்” என்கிறான். போகிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கொடுத்துவிடட்டுமா?

பதில்: சாமானைக் குறைத்துக்கொண்டு சின்ன வீட்டுக்குப் போவது நல்ல முடிவு அம்மா. ஆனால் மொத்தமாகக் கொடுக்கவும் வேண்டாம், கடனும் வேண்டாம்.

கடன் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். 3 லட்சத்தை 12 சதவிகித வட்டியில் 3 ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை 9,964 ரூபாய். வட்டி மட்டும் சுமார் 58,700. வீட்டு வாடகையும் மருந்துச் செலவும் இதே 21,000 ரூபாயில்தான் போயாக வேண்டும். அந்தக் கடனில் வரப்போவதோ பெரும்பாலும் மரத்தூளை அழுத்திச் செய்த பலகைச் சாமான். நம் டெல்டா ஈரத்தில் அது உப்பிப்போகும். நல்ல தேக்கைக் கொடுத்துவிட்டு வட்டி கட்டி அதை வாங்குவதை நினைத்தாலே எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வியாபாரியை நான் குறை சொல்லவில்லை. லாரி வாடகை, ஆள் கூலி, விற்காமல் தங்கும் பொருள் என்று எல்லாவற்றையும் கணக்குப் போட்டுத்தான் அவர் மொத்த விலை சொல்வார். உங்கள் பக்கத்துக் கணக்கை நீங்கள்தான் போட வேண்டும். ஒரு டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பலகையின் நீளத்தை அடியிலும், அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் அளந்து, மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி வரும். 6 அடி நீளம், 10 அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம் உள்ள பலகை என்றால் 0.625 கன அடி. பத்தாயத்தில் அப்படி 24 பலகைகள் இருந்தால் 15 கன அடி. பக்கத்து மரவாடியில் பழைய தேக்கு ஒரு கன அடி என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டுப் பெருக்கிப் பாருங்கள். அந்த 85,000-இல் பத்தாயத்துக்கு மட்டும் எவ்வளவு சேர வேண்டும் என்பது அப்போது தெரியும். தட்டிப் பார்க்கும்போது பொதபொதவென்று சத்தம் வந்தாலோ, மாவாக உதிர்ந்தாலோ அந்தப் பலகையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இப்போது நெல் அறுவடை இயந்திரத்திலிருந்து நேரே கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது. பத்தாயத்துக்கு வேலை இல்லை, மரத்துக்கு இருக்கிறது. ஒரு நல்ல ஆசாரியைக் கூப்பிட்டு, அதை அடுக்கடுக்காகக் கழற்றி, ஒரு கட்டிலும் துணி அலமாரியும் செய்யச் சொல்லுங்கள். தினக்கூலியாக வேண்டாம், இத்தனை உருப்படிக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள். பழைய ஆணிகளைப் பிடுங்கும் வேலையும் அதில் அடங்கும் என்று முன்பே சொல்லிவிடுங்கள், பிறகு தகராறு வருவது அங்கேதான். வாடகை வீட்டில் ஊஞ்சலுக்குக் கொக்கி மாட்ட வீட்டுக்காரர் சம்மதிப்பது கஷ்டம். அந்தப் பலகைக்கு நான்கு கால் கொடுத்தால் சாப்பாட்டு மேசை ஆகிவிடும். சங்கிலியை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள், பேத்தி கல்யாணத்தில் ஊஞ்சலுக்கு வேண்டியிருக்கும். ஒரு பீரோ, ஒரு பெஞ்சு போதும். மீதியை விற்றால் ஆசாரி கூலிக்குப் பெருமளவு கைகொடுக்கும்.

பாத்திரங்களை வீட்டிலேயே ரகம் பிரித்து எடை போடுங்கள். பித்தளை, செம்பு, வெண்கலம் மூன்றுக்கும் வேறு வேறு விலை. கலந்து போட்டால் பித்தளை விலைதான் கிடைக்கும். ஈயச்சொம்பு இருந்தால் கவனம். பார்ப்பதற்கு அலுமினியம் மாதிரி இருக்கும், ஆனால் அசல் வெள்ளீயம் செம்பைவிடவே விலை கூடியது. ரசம் வைக்க ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை பீரோவுக்குள் இருக்கும் காகிதங்கள்தான். போகி அன்று பழைய பேப்பர் என்று எதையும் நெருப்பில் போட்டுவிடாதீர்கள். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பிரியுங்கள். மூலப்பத்திரம், எல்ஐசி பாலிசி, அஞ்சலகப் பாஸ்புக், கம்பெனிப் பங்குப் பத்திரம் நான்கையும் தனித்தனி உறையில் போடுங்கள். 10 ஆண்டுகள் யாரும் தொடாத வங்கி டெபாசிட் ரிசர்வ் வங்கி நிதிக்குப் போய்விடும். ஆனாலும் வாரிசுகள் அந்தந்த வங்கியில் கேட்டுப் பெறலாம். ரிசர்வ் வங்கி 2023-இல் தொடங்கிய ‘உத்கம்’ இணையதளத்தில் உங்கள் கணவர் பெயரையும் மாமனார் பெயரையும் போட்டு மகனைத் தேடச் சொல்லுங்கள். தொடர்ந்து 7 ஆண்டுகள் ஈவுத்தொகை வாங்காத பங்குகளும் அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதியத்துக்கு மாற்றப்படும். அவற்றையும் விண்ணப்பித்து மீட்கலாம். அலைச்சல்தான், ஆனாலும் விட்டுவிடாதீர்கள்.

பூஜை அறையில் பழைய விக்கிரகமோ தஞ்சாவூர் ஓவியமோ இருந்தால் வியாபாரி கண்ணில் காட்டும் முன் நிறுத்துங்கள். 100 ஆண்டுகள் தாண்டிய சிற்பமும் ஓவியமும் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். பதிவு செய்ய வேண்டும், வாங்கி விற்பவருக்கு உரிமம் வேண்டும். வீட்டு மரச்சாமான் விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது, ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் உண்டு. பரணில் ஓலைச்சுவடி கிடந்தால் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழக ஓலைச்சுவடித் துறையில் காட்டுங்கள். ஆடிப்பெருக்கில் சுவடிகளை ஆற்றில் விட்ட ஊர்கள் நம்முடையவை, இனியும் அது வேண்டாம்.

இன்னொன்று. வீடு மாமனார் காலத்தது என்கிறீர்கள். நாத்தனார்கள் இருந்தால் அவர்களுக்கும் இந்தச் சாமான்களில் பாத்தியதை இருக்கலாம். விலை பேசும் முன் கூப்பிட்டு, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு வெண்கலப் பானைக்காகப் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்களை எனக்குத் தெரியும்.

எல்லாம் போகக் கையில் பணம் மிஞ்சினால் அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். 5 ஆண்டுத் திட்டம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். போகிக்குள் முடியாவிட்டால் வியாபாரியிடம் மாசி வரை பொறுக்கச் சொல்லுங்கள். முன்பணம் மட்டும் இப்போதே வாங்கிவிடாதீர்கள்.