மைக்ரோபயாலஜி படித்துவிட்டுக் கழிவுநீர் நிலையத்தில் வேலையா?

மைக்ரோபயாலஜி முடித்த மகள் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலைய வேலைக்குப் போக நினைப்பதைச் சொல்லி, "இதற்காகவா படிக்க வைத்தோம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். சரி, உங்கள் மகள் அங்கே என்ன செய்யப்போகிறார் என்று முதலில் பார்ப்போம்.

காற்றூட்டும் தொட்டியில் கழிவைத் தின்று தீர்ப்பவை பாக்டீரியாக்கள். அவை சுறுசுறுப்பாக இருக்கின்றனவா, துவண்டு கிடக்கின்றனவா என்று உடனுக்குடன் சொல்ல ஆள் வேண்டும். கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்ஸிஜன் தேவை என்று காட்டும் பி.ஓ.டி. பரிசோதனையின் முடிவுக்கு 3 முதல் 5 நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் அந்தத் தண்ணீர் நிலையத்தை விட்டே போயிருக்கும். ஸ்லட்ஜை, அதாவது தொட்டியில் பாக்டீரியாக்கள் திரண்டிருக்கும் சேற்றை, வடிகட்டி, உலர்த்தி, 550 டிகிரி செல்சியஸில் எரித்து எடை இழப்பைக் கணக்கிடும் எம்.எல்.வி.எஸ்.எஸ். பரிசோதனையும் உண்டு; எரிந்துபோகும் எடையை வைத்து நுண்ணுயிர் எவ்வளவு என்று மதிப்பிடுவார்கள். ஆனால் செத்த செல்லும் அதில் சேர்ந்துதான் எரியும்; உயிரோடு இருப்பது எவ்வளவு என்று தெரியாது.

அதனால்தான் ஆக்ஸிஜன் நுகர்வு வேகத்தை அளக்கிறார்கள். தொட்டியிலிருந்து எடுத்த மாதிரியில் காற்றைச் செலுத்தி, பாட்டிலில் அடைத்து, கலக்கிக்கொண்டே, நீரில் கரைந்த ஆக்ஸிஜனைக் காட்டும் டி.ஓ. மீட்டரில் அளவு இறங்குவதைக் குறிக்க வேண்டும். 5 நிமிடத்தில் லிட்டருக்கு 6 மில்லிகிராமிலிருந்து 4-க்கு இறங்கினால், நுகர்வு வேகம் லிட்டருக்கு மணிக்கு 24 மில்லிகிராம். எம்.எல்.வி.எஸ்.எஸ். லிட்டருக்கு 2 கிராம் என்றால், அதில் ஒரு கிராமுக்கு மணிக்கு 12 மில்லிகிராம். கணக்கு இவ்வளவுதான். ஆனால் மாதிரியை உடனே அளக்காமல் ஆறப்போட்டால் பாக்டீரியாக்கள் மிச்ச உணவையும் தின்றுவிடும், எண் பொய் சொல்லும். வழக்கமான அளவு திடீரென்று சரிந்தால் ஏதோ நச்சு உள்ளே வந்திருக்கலாம். எகிறினால் கழிவுச் சுமை கூடியிருக்கலாம். எது என்று பிரித்துச் சொல்ல, நுண்ணுயிர் எப்படி வாழ்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அந்தப் படிப்பைத்தான் உங்கள் மகள் முடித்திருக்கிறார்.

உயிருள்ள செல்களில் ஆற்றலைத் தாங்கி நிற்கும் ஏ.டி.பி. என்ற மூலக்கூறை மின்மினிப்பூச்சியின் நொதியைக் கொண்டு அளக்கும் முறையும் உண்டு; அதில் சில நிமிடங்களில் முடிவு வரும். டி.என்.ஏ.வைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். முறை தெரிந்திருந்தால் பின்னால் ஆராய்ச்சிப் பக்கமும் போகலாம்.

ஆனால் எல்லா இடமும் ஒன்றல்ல. நேர்முகத்தில் அவர் கேட்க வேண்டியது: "ஆக்ஸிஜன் நுகர்வை இங்கே அளக்கிறீர்களா? மைக்ரோஸ்கோப் இருக்கிறதா? முடிவைப் பார்த்து தொட்டிக்குள் செலுத்தும் காற்றின் அளவை மாற்றுவது யார்?" பதில் மழுப்பலாக வந்தால், அது பதிவேடு நிரப்பும் வேலையாகத்தான் இருக்கும். சம்பளம் கொஞ்சம் கூடுதல் என்றாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

நாற்றம் இருக்கும், ஷிப்ட் இருக்கும், அதை மறைக்கப்போவதில்லை. சேருவதற்கு முன் ஒருமுறை நிலையத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரட்டும். கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி தருகிறார்களா, டெட்டனஸ், ஹெபடைடிஸ் தடுப்பூசிகளுக்கு ஏற்பாடு உண்டா என்றும் அப்போதே கேட்டுவிடச் சொல்லுங்கள்.