வாடி நிற்கும் செண்பகமும் வெளுத்த மகிழமும்: கேள்வி பதில்

மதுரையிலிருந்து: ஐயா, ஒட்டுச் செண்பகக் கன்று வைத்து ஆறு மாதமாகிறது. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியும் இலை தொங்கியே கிடக்கிறது. தண்ணீரைக் கூட்டலாமா?

வேண்டவே வேண்டாம் தம்பி, முதலில் நிறுத்துங்கள். தண்டுக்குச் சற்றுத் தள்ளி ஒரு கம்பியை அரையடி ஆழம் குத்தி எடுங்கள். சேறு ஒட்டிக்கொண்டு வந்தால் உங்கள் கன்று தாகத்தால் வாடவில்லை. மண்ணில் காற்றே இல்லாமல் வேர் அழுகத் தொடங்கியிருக்கிறது. அழுகிய வேர் தண்ணீரை இழுக்காது. அதனால்தான் ஈரத்தில் நின்றும் இலை வாடுகிறது. செண்பகத்துக்குத் தண்ணீர் தேங்கினால் ஆகவே ஆகாது.

தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் பிழைத்துவிடும். பாத்தியில் தண்ணீர் நிற்காதபடி ஒரு வடிகால் வெட்டுங்கள். மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர். புதுத் துளிர் வரும்வரை உரம் எதுவும் போடாதீர்கள். அப்புறம், ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதையெல்லாம் கிள்ளிவிடுங்கள். விட்டால் அதுவே வளர்ந்து ஒட்டுக் கிளையை அமுக்கிவிடும்.

திருப்பூரிலிருந்து: மகிழங்கன்றில் துளிர் இலை மஞ்சளாக வருகிறது, நரம்பு மட்டும் பச்சை. யூரியா போடவா?

யூரியா தருவது தழைச்சத்து; அது இதற்கு மருந்தல்ல. தழைச்சத்து குறைந்தால் அடியிலுள்ள பழைய இலைதான் முதலில் மஞ்சளாகும். துளிர் வெளுத்து நரம்பு பச்சையாக நின்றால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருக்கும்; சுண்ணாம்பு மிஞ்சினால் வேரால் எடுக்க முடியாது. வீடு கட்டும்போது கொட்டிய சிமென்ட், காரை எல்லாம் தோட்டத்து மண்ணுக்குள்தானே கிடக்கிறது! போர் தண்ணீரும் உப்பாக இருந்தால் இன்னும் மோசம்.

லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து, வெயில் தாழ்ந்ததும் இலையில் தெளியுங்கள். 15 நாள் கழித்து மறுபடி ஒருமுறை. அதோடு விட்டால் அடுத்த துளிரும் வெளுக்கும். அடித்தண்டைச் சுற்றியுள்ள காரைக்கட்டிகளைப் பொறுக்கிவிட்டு மக்கிய தொழுவுரம் இடுங்கள், கிடைக்கும்போது மழைத்தண்ணீர் விடுங்கள். மகிழம் மெதுவாக வளரும் மரம், அவசரப்படக் கூடாது.

திருச்சியிலிருந்து: பங்குனியில் சரக்கொன்றை இலையெல்லாம் கொட்டிவிட்டது. பட்டுப்போகிறதா?

இல்லை அம்மா, கோடையில் இலை உதிர்ப்பது அதன் வழக்கம். சித்திரையில் துளிர்க்கும். துளிரைப் பச்சைப் புழு தின்றாலும் பயப்படாதீர்கள். மஞ்சள் வண்ணத்துப்பூச்சியாகப் போகும் புழு அது. கன்று மிகச் சிறியதென்றால் மட்டும் கையால் எடுத்துவிடுங்கள், மருந்து அடிக்காதீர்கள்.

காரைக்குடியிலிருந்து: காற்றில் சாய்கிறது என்று கன்றைக் கம்போடு இறுக்கிக் கட்டியிருக்கிறேன். சரிதானே?

இறுக்கியது தவறு. கயிறு பட்டையை அறுத்துவிடும். பழைய பருத்தித் துணியால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். கொஞ்சம் ஆடினால்தான் தண்டு தடிக்கும். ஒரு வருடத்தில் கம்பை எடுத்துவிடலாம்.