சோப்பு நுரை வந்த நட்டைக் கழற்றாதீர்கள்

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினத்தில் வீடு. புதுச்சேரியில் ஒரு கடையில் 52,000 ரூபாய்க்கு 1.5 டன் ஸ்ப்ளிட் ஏசி, ‘ஹாட் அண்ட் கோல்டு’ மாடல் வாங்கினேன். கடைக்காரர் அனுப்பிய ஆள் வந்து மாட்டினார். ஃபிட்டிங் கூலி, கூடுதல் காப்பர் பைப் சேர்த்து 6,200 ரூபாயை அவருக்கே ஜிபேயில் அனுப்பினேன். 11 மாதத்தில் மூன்று முறை கேஸ் இறங்கிவிட்டது. டிரெயின் தண்ணீர் சுவருக்குள் இறங்கிப் பெயின்ட் உப்பி, மர அலமாரியும் ஊறிப்போனது. கம்பெனிக்காரர்கள் ஃபிட்டிங் சரியில்லை என்கிறார்கள். கடைக்காரரோ, மாட்டியவர் எங்கள் ஆளே இல்லை என்கிறார். பிரசவத்துக்கு வந்த மகளும் பச்சைக்குழந்தையும் பட்ட பாடு கொஞ்சமல்ல. கேட்கப் போனால் ஒருமையில் பேசினார். இப்போது பைப்பை இலவசமாக மாற்றி 10,000 ரூபாய் தருவதாகத் தூது விடுகிறார். அடுத்த வாரம் வேறு மெக்கானிக்கை வைத்து எல்லாவற்றையும் பிரித்து மாட்டப்போகிறேன். 5 லட்சம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: முதலில் அந்த மெக்கானிக்குக்குப் போன் செய்து வரவேண்டாம் என்று சொல்லுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் கடைக்காரர் பேசிய பேச்சுதான். கோபம் நியாயம்தான், ஆனால் நுகர்வோர் ஆணையம் அதற்கு ஒன்றும் செய்யாது. ‘ஹாட் அண்ட் கோல்டு’ விஷயமும் அப்படித்தான். மார்கழியிலும் ஃபேன் ஓடுகிற ஊரில் சூடு தரும் ஏசியை விற்ற சாமர்த்தியத்தைப் படித்து நானும் சிரித்தேன். ஆனால் பில்லில் அந்த மாடல்தான் இருக்கிறது, நீங்களும் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறீர்கள். அதை விட்டுவிடுங்கள்.

சட்டப்படி ஒரே ஒரு கேள்விதான். மாட்டியவர் யாருடைய ஆள்? கடையின் ஆள் என்று நின்றால் இது கடையின் சேவைக் குறைபாடு. இல்லையென்றால், முகவரி தெரியாத ஒரு மெக்கானிக்கைத் தேடி நீங்கள் அலைய வேண்டியதுதான். நீங்கள் அனுப்பிய பில்லில் ஃபிட்டிங் என்ற சொல்லே இல்லை. பணமும் மெக்கானிக்கின் சொந்தக் கணக்குக்குப் போயிருக்கிறது. கடை இதைத்தான் பிடித்துக்கொண்டு தொங்கும்.

ஆனால் கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி ஒன்று உங்களிடம் இருக்கிறது: “நாளைக்கு 11 மணிக்கு நம்ம பையன் வருவான், நம்பர் இது.” அந்த ‘நம்ம பையன்’தான் உங்கள் வழக்கில் பாதி. நீங்களோ அதை மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது என்று சும்மா இருக்க வேண்டாம். அந்தப் போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள், செய்தியை அழிக்காதீர்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 2023, பிரிவு 63-இன்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் வேண்டும்; அதில் ஒரு பகுதியில் நீங்களும் இன்னொரு பகுதியில் நிபுணர் ஒருவரும் கையெழுத்திட வேண்டும். ஆணையங்கள் சாட்சியச் சட்டத்தை அச்சுப் பிசகாமல் பார்ப்பதில்லை என்பது உண்மைதான். இருந்தாலும் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அந்தப் பிடியைக் கொடுப்பானேன்?

புதுச்சேரியில் வாங்கியதால் அங்கேதான் வழக்குப் போடவேண்டும் என்பதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் கடலூரிலேயே மாவட்ட ஆணையத்தில் போடலாம். கட்டணமும் இல்லை. கெடு 2 வருடம். முதல் பழுது தெரிந்த நாளிலிருந்து எண்ணிக்கொள்வது பத்திரம்.

இனி, என்னிடம் வருகிறவர்கள் விழுகிற பள்ளத்துக்கு வருகிறேன். தேவனாம்பட்டினம் என்றாலே கம்பெனி வக்கீல் என்ன சொல்வார் தெரியுமா? “உப்புக் காற்று, காயில் (யூனிட்டுக்குள் கேஸ் ஓடும் குழாய்ச் சுருள்) அரித்துவிட்டது, அதற்கு நாங்கள் பொறுப்பல்ல.” நீங்களே கம்பெனிக்கு எழுதிய இரண்டாவது மெயிலில் “கடற்காற்றில் பைப் அரித்திருக்குமோ என்று நினைக்கிறேன்” என்று எழுதி, அந்த வாதத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டீர்கள். இனி யாருக்கும் காரணம் ஊகித்து எழுதாதீர்கள். நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

ஓட்டை காயிலில் இருந்தால் உப்புக் காற்றா, தயாரிப்புக் குறையா என்று சண்டை நீளும். அவுட்டோர் யூனிட்டில் பைப்பை முடுக்கும் ஃபிளேர் நட்டில் கசிந்தால் அது மாட்டியவர் கை வேலை. பைப் நுனியைச் சரியாக விரிக்கவில்லை, அல்லது முடுக்கியதில் தப்பு. நீங்கள் அனுப்பிய வீடியோவில் சோப்புத் தண்ணீர் தடவியதும் அந்த நட்டைச் சுற்றி நுரை குமிழ் குமிழாகக் கிளம்புகிறது. நல்ல சாட்சிதான். ஆனால் எந்த மிஷின், என்றைக்கு எடுத்தது என்று அதில் தெரியவில்லை. யூனிட்டில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரில் தொடங்கி, கேமராவை நிறுத்தாமல் நட்டுக்குக் கொண்டுபோய் மறுபடி எடுங்கள். டிரெயின் பைப் வாட்டமில்லாமல் சுவருக்குள் போகும் இடத்தையும் மட்டப்பலகை வைத்துக் காட்டுங்கள். பிறகு கடைக்கும் கம்பெனிக்கும் பதிவுத் தபாலில், 15 நாளுக்குள் வந்து பார்வையிடுங்கள், வராவிட்டால் நானே சரிசெய்துகொள்வேன் என்று எழுதுங்கள். அதற்கப்புறம்தான் ஸ்பேனர்.

முதுநகரிலிருந்து ஒருவர் இதே மாதிரி வழக்கோடு வந்தார். சித்திரை வெயிலில் பத்து நாள் பொறுக்க முடியவில்லை, வேறு மெக்கானிக் வந்தார், பைப்பை வெட்டி எடுத்தார். காப்பர் அல்லவா, பழைய பைப்பையும் அவரே கொண்டுபோய்விட்டார். விசாரணையில் எதிர்த்தரப்பு கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அந்தப் பைப் எங்கே?” புது மெக்கானிக் கொடுத்த ரசீதில் பைப் 5 மீட்டர், கேஸ் நிரப்பியது என்று மட்டும் இருந்தது. ஏன் மாற்றினார் என்று ஒரு வரி இல்லை. வழக்கு அதோடு படுத்துவிட்டது.

இன்னொன்று, ஓடிபி. சர்வீஸுக்கு வந்தவரிடம் மூன்று முறையும் ஓடிபி சொல்லியிருக்கிறீர்கள். கம்பெனி கணக்கில் அவை மூன்றும் பழுது தீர்ந்து முடிந்த புகார்கள். அடுத்த முறை அவர் கேட்டால், கேஸ் நிரப்பியிருக்கிறார், கசிவு அடைக்கப்படவில்லை என்று ஜாப் ஷீட்டில் உங்கள் கையால் எழுதிவிட்டு, அதைப் போட்டோ எடுத்தபின் சொல்லுங்கள்.

சரி, வழக்குப் போடலாமா? என் யோசனை, சமாதானமாகப் போங்கள். கட்டணமில்லை என்பதால் 5 லட்சம் என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். 52,000 ரூபாய் ஏசிக்கு மன உளைச்சல் என்று கிடைப்பது பெரும்பாலும் ஆயிரங்களில்தான். 3 மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் 5 மாதத்தில், முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். அதை நம்பிக் காலண்டரில் குறித்து வைக்காதீர்கள். கடைக்காரர் 10,000-க்கு இறங்கி வந்திருக்கிறார் என்றால் அந்த ‘நம்ம பையன்’ செய்தி அவருக்கும் நினைவிருக்கிறது. அலமாரிச் செலவையும் சேர்த்து 20,000 கேளுங்கள், 15,000-க்கு முடியுங்கள். வாட்டத்தோடு புது டிரெயின் பைப், புதுக் காப்பர் பைப், அந்த இணைப்புகளில் ஒரு வருடத்துக்குக் கசிந்தால் அவர் பொறுப்பு என்று கடையின் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள்.

அவர் நீட்டும் தாளில் “முழுத் திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று இருக்கும். பணம் கணக்கில் ஏறி, ஏசி பத்து நாள் ஓடிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். கம்பெனி வாரண்டி இதில் அடங்காது என்று ஒரு வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். பேச்சுவார்த்தை நடப்பதால் அந்த 2 வருடக் கெடு நிற்காது. ஒரு மாதத்தில் முடியாவிட்டால் கம்பெனி, கடை, மாட்டியவர் மூவரையும் சேர்த்து மனுப் போடுங்கள்.

புதுப் பைப் போடும் நாளில் பக்கத்திலேயே நில்லுங்கள். வெட்டி எடுத்த துண்டையும் அந்த நட்டையும் கவரில் போட்டு, தேதி எழுதி, பீரோவில் வையுங்கள். பையனிடம் கொடுத்தனுப்பாதீர்கள்.