மெத், கொக்கைன் விட்ட பிறகும் மறதி ஏன்? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

சென்னையில் போதை மீட்பு சிகிச்சையில் உளவியலாளராக வேலை செய்கிறேன். மெத் (மெத்தம்பெட்டமைன்), கொக்கைன் போன்ற, மூளையைத் தூண்டிவிடும் ஊக்கப் போதைப்பொருள்கள் நினைவையும் கவனத்தையும் எப்படிப் பாதிக்கின்றன என்று கேட்டவர்களுக்கான பதில்கள் இவை.

வியாசர்பாடியிலிருந்து ஒரு அம்மா: பையன் மெத் விட்டு ரெண்டு மாசம் ஆகுது மேடம். மூணு சாமான் வாங்கிட்டு வான்னா ஒண்ணோட வர்றான். கேட்டா கோபம் வேற. நடிக்கிறானா?

நடிப்பு இல்லைம்மா. மூளையில் ஆசையையும் உற்சாகத்தையும் தூண்டும் டோபமைன் என்ற ரசாயனத்தை மெத் அளவுக்கு மீறிக் கொட்ட வைக்கும். நாள்பட எடுப்பவர்களிடம் அந்த டோபமைனைத் திரும்ப உள்ளே இழுக்கும் புரதங்கள் குறைந்திருப்பது ஸ்கேனில் தெரிகிறது. கவனம், கேட்டதை மனசில் பிடித்துவைப்பது, ஆசை வந்தால் நிறுத்திக்கொள்வது எல்லாமே அடிவாங்கும். பரிசோதனையில் 7, 2, 4 என்று சொல்லி, பின்னாலிருந்து சொல்லச் சொன்னால் டக்கென்று சொல்லிவிடுவார்கள். ஐந்து எண் கொடுத்தால் பாதியில் நின்று, "மறுபடி சொல்லுங்க மேடம்" என்பார்கள். பலருக்குக் கண் கலங்கிவிடும். அந்தக் கோபத்துக்கு அடியில் இருப்பது இந்த அவமானம்தான்.

சீட்டில் எழுதிக் கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை போதும். "எத்தனை தடவை சொல்றது" என்று மட்டும் வேண்டாம்.

இது திரும்பச் சரியாகுமா?

பெரும்பாலும் முன்னேற்றம் வரும், ஆனால் மெதுவாக. 2001இல் அமெரிக்காவில் மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவின் குழு வெளியிட்ட ஆய்வில், மெத்தை ஓராண்டுக்கு மேல் விட்டிருந்தவர்களுக்கு அந்தப் புரதங்கள் கணிசமாகத் திரும்பியிருந்தன. நினைவு, உடல் இயக்கப் பரிசோதனைகளில் அதே அளவு முன்னேற்றம் இல்லை. பார்த்தது மிகச் சிலரைத்தான். ஆனாலும் மூன்று மாதத்தில் பழைய ஆளாகிவிட வேண்டும் என்று வீட்டில் கெடு வைப்பது நியாயமில்லை என்பதற்கு இது போதும்.

பெருங்குடி, ஐடி வேலை: கொக்கைன் வீக்கெண்ட் பார்ட்டியில் மட்டும்தான். மூளை ஷார்ப்பாவே இருக்கு.

ஷார்ப்பாக இருப்பதுபோல் தோன்ற வைப்பதுதான் அந்தப் பொருளின் வேலை. இரத்தக்குழாய்களை அது சுருக்கும். இளவயதிலேயே பக்கவாதம், மாரடைப்பு வந்ததுண்டு. கூட மதுவும் குடித்தால் கல்லீரலில் கொக்காஎத்திலீன் என்ற நச்சுப்பொருள் உருவாகி இதயத்தை இன்னும் மோசமாகத் தாக்கும். வாரத்துக்கு ஒருமுறைதானே என்பதை நான் பாதுகாப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன் தம்பி.

மாத்திரை ஏதாவது இருக்கா?

ஹெராயின் போன்றவற்றுக்கு புப்ரினார்பின் என்ற மாத்திரை இருப்பதுபோல் மெத்துக்கோ கொக்கைனுக்கோ அங்கீகரிக்கப்பட்ட மருந்து இல்லை. ஞாபகசக்தி டானிக் வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக வந்தால் உடனே சிறு பரிசு தரும் முறைக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. நம் ஊரில் அது பரவலாக வரவில்லை என்பது என் பெரிய வருத்தம். இன்னொரு வருத்தம், கேட்டதை வைத்துக்கொள்ள முடியாதவரிடம் ஒரு மணி நேரம் அட்வைஸ் செய்வது. இருபது நிமிடம் பேசி, முக்கியமானதைக் கையில் எழுதிக் கொடுத்து, மறுமுறை அதிலிருந்தே தொடங்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் வருமா மேடம்?

சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது 2017 மனநலச் சட்டம். பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு இருந்தாலும், தானாக முன்வந்து அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுப்பவருக்கு 1985 போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு விலக்கு தருகிறது. பாதியில் விட்டால் அது ரத்தாகலாம். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குப் போகலாம். முதலில் பேசிப் பார்க்க வேண்டுமென்றால் போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணம் இல்லை.

அண்ணன் விட்டு ஒரு மாசம். சொந்தமா கடை வைக்க நகையை அடகு வெச்சுப் பணம் கேக்குறாரு. குடுக்கலாமா?

இப்போது வேண்டாம்மா. கையில் கிடைப்பதை உடனே எடுக்கும் அவசரம் இந்த மாதங்களில்தான் அதிகம். மறுத்துவிட்டு நிறுத்தாதீர்கள். தெரிந்தவர் கடையில் தினக்கூலிக்குச் சேர்த்துவிடுங்கள். அவர் சம்மதத்தோடு ஏடிஎம் கார்டை அண்ணியிடம் கொடுத்து, செலவுக்கு அன்றன்று வாங்கிக்கொள்ளட்டும். ஆறு மாதம் கழித்து, நினைவு, கவனப் பரிசோதனை ஒன்றும் செய்துவிட்டுக் கடையைப் பற்றி உட்கார்ந்து பேசுங்கள்.